துண்டுக்குள் நாலு விரல்

எங்கள் வில்சன் மாமா வீட்டுக்கு எப்படிப் போவது என்று ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் வழி சொல்வார்கள். அவர் என் அக்கா ஜெயசீலியின் வீட்டுக்காரர். செருப்பு போட்டுக்கொண்டு நின்றால் ஐந்தடி இரண்டங்குலம். அந்த மனிதர்தான் 1982-இல் தோல் கம்பெனிகளின் பாஸ்கெட்பால் லீக்கில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அது எப்படி நடந்தது என்று என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது, ஏனென்றால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனிக்காரர்களுக்கு பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்தது. ஆளுக்கொரு டீம் வைத்தார்கள். கொஞ்ச நாளில் பணமுள்ள கம்பெனி ஒன்று நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொண்டு வருஷாவருஷம் கப்பைத் தூக்கியது. மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். சண்டை தீர ஒரு ஏற்பாடு செய்தார்கள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் மார்பில் நம்பர் அட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துச் சுவரோரம் நிற்க வேண்டும். போன வருஷம் கடைசியாக வந்த கம்பெனிக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை. கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தவர்களுக்கு அடுத்த ஆள், இப்படியே மேலே. இதற்கு ஊரில் ஆளெடுப்பு என்று பெயர். எடுத்த ஆளுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை உண்டு, அதனால் சுவரோரம் நின்றவர்களில் பாதிப் பேருக்குப் பந்து ஒரு சாக்குதான்.

வாயால் சொல்லி எடுத்திருக்கலாம். ஆனால் தோல்காரர்களுக்கு அதில் ருசியில்லை. மண்டியில் அவர்கள் விலை பேசுவது துண்டுக்குள். கையின் மேல் துண்டைப் போட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெற்ற தகப்பன் வந்து கெஞ்சினாலும் மாறாது. அந்த வழக்கத்தையே ஆளெடுப்புக்கும் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் சார்பில் ஒருவர் வந்து, லீக் செயலாளரின் கையைத் துண்டுக்குள் பிடிப்பார். எத்தனை விரலோ அந்த நம்பர் ஆள், ஐந்துக்கு மேலென்றால் இரண்டு கையும். செயலாளர் ராஜகோபால் தபாலாபீஸ் குமாஸ்தா. தோல் மண்டிப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர், ஆனால் நேர்மையானவர் என்று அவரைப் போட்டிருந்தார்கள்.

வில்சன் மாமா அப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். லீக்கின் பந்துகளுக்குக் காற்றடிப்பதும் அவர்தான். மூன்று வருஷம் தொடர்ந்து சுவரோரம் நின்றார். மூன்று வருஷமும் கடைசி வரை அங்கேயே நின்றார். வெயில் சாய்ந்ததும் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார். அவர் ஆடத் தெரிந்தவரா என்று கேட்காதீர்கள். ஓடத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் அக்கா அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். ஜெயசீலி ஆரம்பப் பள்ளி டீச்சர். அறுபது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைப்பவள். அப்பா இன்பசேகரன் ஆஸ்பத்திரி ஆபீஸில் வேலை பார்த்தவர், அவரும் லேசுப்பட்டவர் அல்ல.

"பஞ்சர் ஒட்டறவனுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன். கம்பெனில நிரந்தர வேலை கெடைக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

"கெடைக்கும்பா."

"இந்த ஆளெடுப்புதான் கடைசி. இதுலயும் இல்லன்னா ராணிப்பேட்டை மாப்பிள்ளைக்கு ஜூன்ல நிச்சயம்."

ராணிப்பேட்டை மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். பேச ஆரம்பித்தால் தன் மூலவியாதியில்தான் முடிப்பார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் ஆளெடுப்புக்கு வேறொரு மவுசு வந்தது. நெமிலிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் என்று ஒரு பையன் வருகிறானாம். ஆறரை அடி உயரம். பந்தை எறிய மாட்டானாம், கையை நீட்டி வளையத்துக்குள் வைத்துவிட்டு வருவானாம். அவனைப் பிடித்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கப் நமக்குத்தான் என்று எல்லாக் கம்பெனிக்கும் எச்சில் ஊறியது. அவனைப் பிடிக்க ஒரே வழி, கடைசியாக வருவது.

லீக்கின் கடைசி ஆட்டத்தில் மோதியது அட்டவணையின் அடியில் கிடந்த இரண்டு டீம்கள்: ஆபித் பாஷாவின் ஆற்றோரக் கம்பெனியும் மேட்டுக் கம்பெனியும். தோற்பவருக்குச் சம்பந்தம். இரண்டு டீமும் தோற்றே தீருவது என்று சபதம் போட்டுக்கொண்டு வந்திருந்தது யாருக்கும் தெரியாது. முதல் ஐந்து நிமிஷம் பந்தை ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கொடுத்துக்கொண்டார்கள். "நீங்க போடுங்க." "இல்ல, நீங்க போடுங்க." பிறகு ஆற்றோரத்தான் ஒருவன் ஓடிப்போய்த் தன் டீமின் கூடையிலேயே பந்தைப் போட்டான். எதிராளிக்கு இரண்டு புள்ளி! மேட்டுக்காரர்கள் பதறிப்போய்த் தங்கள் கூடைக்கு ஓடினார்கள். அவர்களைத் தடுக்க ஆற்றோரத்தார் அங்கே பாய்ந்தார்கள். அப்புறம் பாருங்கள், அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு ஆக்ரோஷமான ஆட்டம் நடந்ததில்லை. முழங்கால் கிழிந்தது, பனியன் கிழிந்தது, நடுவரின் விசில் எங்கோ விழுந்து காணாமல் போனது. கடைசியில் ஆற்றோரம் ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்று, கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஜெயித்த மேட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஆளெடுப்பு நாளும் வந்தது. நான் வேலூரிலிருந்து நர்சிங் படிப்புக்கு லீவு போட்டு வந்திருந்தேன். சுவரோரம் சம்பந்தம் ஐந்தாம் நம்பர் அட்டையோடு நின்றான். அட்டை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அவன் பக்கத்தில் நாலாம் நம்பர் வில்சன் மாமா, பனைமரத்தடியில் குத்துக்கல் மாதிரி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள்.

"ஆண்டவரே, கடைசி ஆளாவது எடுக்கட்டும். பதினோராவது கம்பெனியா இருந்தாலும் பரவால்ல."

"கம்பெனியே எட்டுதான்கா" என்றேன். கிள்ளினாள்.

ஆபித் பாஷா நாற்காலியில் மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். அவர் சார்பில் விரல் பிடிக்க அந்த வருஷம் முதல் தடவையாக எழுந்து வந்தவர் கலீமுல்லா பாய், கம்பெனிக்குத் தோல் வாங்கிப் போடுகிறவர். மண்டியில் அவரை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்பார்கள். முருங்கைக்காய் வாங்கினாலும் கடைக்காரி கையைத்தான் முதலில் தேடுவாராம். ராஜகோபாலின் கையை ஆசையாக வாங்கினார், துண்டைப் போட்டார், கண்ணை மூடிக்கொண்டார். ராஜகோபால் துண்டை இழுத்தார்.

"ஆற்றோரக் கம்பெனி, நாலாம் நம்பர்! வில்சன்!"

கலீமுல்லா பாய் அலறினார்.

"அய்யய்யோ! நாலுல ஆரம்பிச்சேன்யா! அஞ்சுக்குத்தான் வர்றேன்! அதுக்குள்ள இன்னாத்துக்கு துண்ட எடுத்தே?"

"ஆரம்பமா? இதுல இன்னா பாய் பேரம்? நாலு விரலப் புடிச்சீங்க, நாலுன்னு சொன்னேன்" என்றார் ராஜகோபால்.

"மொத தடவையே முழு வெல சொல்ற மடையன் உலகத்துல எவன்யா இருக்கான்?"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முப்பது வருஷமாக ஒரு விரல் குறைத்தே ஆரம்பித்துப் பழகிய கை, இங்கேயும் தன் புத்தியைக் காட்டிவிட்டது. சிரிப்பு கிளம்பியது பாருங்கள், சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் விழுந்தார்கள். மேட்டுக்காரர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அடுத்த முறை அவர்களுடையது, சம்பந்தம் அவர்களுக்குத்தான். ஜெயித்துவிட்டோமே என்று அழுதவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

சிரிக்காதவர் ஆபித் பாஷா ஒருவர்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா மறுபடி ஜெபத்தில் இறங்கினாள். அந்த நேரத்தில் எங்கள் வில்சன் மாமா என்ன செய்தார் தெரியுமா? நேரே அவரிடம் நடந்து போனார்.

"பாய், இது கை தவறி நடந்தது. எல்லாருக்கும் தெரியும். நீங்க சம்பந்தத்தையே எடுத்துக்கங்க. நான் அடுத்த வருஷம் நிக்கறேன்."

அடுத்த வருஷமா! அக்காவுக்கு அடுத்த வருஷம் ராணிப்பேட்டையில் விடியும். அவள் எழுந்தே விட்டாள், நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அந்த மனிதர்மேல் கொலைவெறியும் வந்தது, அவரைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

ஆபித் பாஷா அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"துண்டு எடுத்தாச்சு தம்பி. இன்னிக்கு ஒரு பந்துக்காகப் பேச்சு மாறினா, நாளைக்கு மண்டியில எவன் என் கையப் புடிப்பான்? நீதான் என் ஆளு. உனக்கு பந்து போடத் தெரியுமா?"

"ஜாஸ்தி தெரியாது பாய்."

"வேற இன்னா தெரியும்?"

"பஞ்சர் ஒட்டுவேன்."

பாஷா அப்போதுதான் சிரித்தார். தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். "நாளைக்குக் காலைல கம்பெனிக்கு வந்துரு" என்றார். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், வேர்க்கடலை வாயோடு.

அடுத்த மூன்று வருஷமும் சம்பந்தம் மேட்டுக்குக் கப் வாங்கிக் கொடுத்தான். மாமா ஆற்றோர பெஞ்சை நன்றாகத் தேய்த்தார். தோற்பதற்கு ஆடிய கூத்து வெளியே தெரிந்ததும் லீக்கில் சட்டத்தை மாற்றினார்கள்: இனிமேல் கடைசியில் நிற்கிற கம்பெனிகளின் பெயரைக் குடத்தில் போட்டுச் சீட்டு எடுப்பது. துண்டுக்கும் தடை. பிற்பாடு ஒருநாள், அமெரிக்காவிலும் பெரிய லீக்கில் இப்படித்தான் ஆளெடுப்பு உண்டு, கடைசியில் கிடந்த டீம்களில் ஒன்றுக்கே முதல் ஆள், அங்கேயும் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி 1985-இல் சீட்டுக்கு மாறினார்கள் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் 1983-லேயே மாறிவிட்டோம். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்யாணத்தைச் சொல்லாமல் போகிறேனே. அந்த ஆகஸ்டிலேயே நடந்தது. அதற்குள் மாமாவுக்கு ஊரில் 'நாலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன்கூட, "இன்னா நாலு, அஞ்சு எங்க?" என்பான். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபி டம்ளரைப் பார்த்தபடி அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"நான் தப்பா வந்த ஆளு, ஜெயசீலி. உனக்கும் மனசுல யாராவது அஞ்சாம் நம்பர் இருந்துச்சா?"

அக்கா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோயிலில் ஆபித் பாஷாவும் கலீமுல்லா பாயும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வலது கையைப் பிடிக்கச் சொன்னார். அக்காவின் முக்காடு நீளம். இரண்டு பேர் கையையும் மூடிக்கொண்டது. திடீரென்று மாமாவின் முகம் வெளிறிப் போனது. அக்கா லேசாகத் தலை சாய்த்து அவர் காதில் எதையோ சொன்னாள். அவ்வளவுதான், மனிதர் கோயில் அதிரச் சிரித்தார். போதகர் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா சொன்னே அவருகிட்ட?"

"முக்காட்டுக்குள்ள அவர் கைல நாலு விரலப் புடிச்சேன்டி. மனுஷன் இதுவும் பேரம்னு நெனச்சிட்டாரு, மொகமே செத்துப் போச்சு. அப்புறம்தான் சொன்னேன். எனக்கு ஆரம்பமும் நாலு, முடிவும் நாலுன்னு."