காய்ந்த கண்ணும் நான் சொன்ன பொய்யும்

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் என் பேத்திக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆனால் அதே வெறுங்கண்ணால் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், தலைமுடியை விட மெல்லிய பட்டு இழை எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாள் பூராவும் இமைக்காமல் உட்கார்ந்து அதைச் செய்வாள். தெருவில் அவளைக் கூப்பிடாத வீடு இல்லை.

அந்தக் கண்ணை வைத்துத்தான் நான் பொய் சொன்னேன்.

ஓரிக்கையிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களும் தறிக்காரர்கள்தான். அந்த வீட்டு மூத்த மருமகள் தடிக் கண்ணாடி போட்டவள், பிணைக்க உட்கார்ந்தால் அவளுக்குத் தலை வலிக்குமாம். அதனால் இன்னொரு கண்ணாடிக்காரி வேண்டவே வேண்டாம் என்று பிள்ளையின் அம்மா தரகரிடம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அன்று காலையிலேயே பேத்தியின் கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா பாடச் சொல்லவில்லை, கோலம் போடச் சொல்லவில்லை. பையிலிருந்து சிக்கு விழுந்த பட்டு நூல் ஒரு கொத்து எடுத்து நீட்டினாள். பேத்தி குனிந்து, முகத்தோடு முகமாக வைத்துக்கொண்டு, காபி ஆறுவதற்குள் சிக்கெடுத்து அத்தனையையும் பிணைத்துக் கொடுத்துவிட்டாள்.

"அடேங்கப்பா, கண்ணா இது! கழுகு கண்ணால்ல இருக்குது. கண்ணாடி கிண்ணாடி எதுவும் போடறதில்லையே ஆயா?"

"அதெல்லாம் எனக்கே கெடையாதும்மா. அவளுக்கு எதுக்கு?"

கூட வந்திருந்த பையனைப் பிடித்திருக்கிறது என்று பேத்தியும் சொன்னாள். பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் கல்யாணம். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும், "ஆயா, காலத்துக்கும் அந்த வூட்டுல செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கணுமா நானு?" என்று கேட்டாள். "கொஞ்சம் பொறு, வழி பண்றேன்" என்றேன்.

என்ன வழி? முதலில் கண்ணுக்குள்ளே ஒட்டுகிற லென்சு வாங்கினோம். ஒரே வாரத்தில் கண் மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது. அப்போதுதான் லேசர் வைத்துக் கண்ணாடியை ஒழித்துவிடலாம் என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கண் அடிக்கடி எரியுமா, மணல் விழுந்த மாதிரி உறுத்துமா என்று கேட்டாள். எங்கள் தெருவில் பிணைக்கிற வேலை செய்கிற யாருக்குத்தான் எரியாது? அதை நாங்கள் ஒரு வியாதி என்றே நினைத்ததில்லை. பிறகு கோடு போட்ட மெல்லிசுத் தாள் ஒன்றை மடித்து இரண்டு கீழ் இமையிலும் சொருகினாள். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், தாள் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்களாம்.

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் பேத்தியின் காதில் சொன்னேன். "அழுதுடுடி. ரெண்டு சொட்டு போதும்."

"வரலியே."

"வரப்போற மாமியாள நெனச்சிக்கோ."

"அவங்க நல்லவங்கதான ஆயா. வேணும்னா உன்ன நெனச்சிப் பாக்குறேன்."

என்னை நினைத்தும் வரவில்லை. தாளை உருவிப் பார்த்தால் நுனி மட்டும் நனைந்திருந்தது.

"பாட்டி, கண்ணு ரொம்பக் காஞ்சிருக்கு" என்றாள் டாக்டரம்மா. "கண்ணீர் சுரக்கச் சொல்றது கண்ணு மேல இருக்குற நரம்புங்கதான். லேசர் பண்ணா அதுல நெறைய அறுபடும். நல்ல கண்ணுக்கே கொஞ்ச மாசம் வறட்சி இருக்கும். ஏற்கெனவே காஞ்ச கண்ணுன்னா சிலருக்கு எரிச்சல் போகாமலே நின்னுடும். மொதல்ல வறட்சிக்கு மருந்து போடுங்க. நாலு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம். அப்பவும் பண்ணலாம்னு இப்பவே வாக்கு தரமாட்டேன்."

நாலு மாசம். ஆவணிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்தோம். எனக்குக் கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "வேற எடத்துல இந்தத் தாளெல்லாம் சொருக மாட்டாங்களாம். எரியுதான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடு" என்றேன்.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "சரி, போலாம்" என்றாள்.

"இன்னாடி சரி?"

"பூ வெச்சிட்டாங்க. அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. நீ சொன்ன பொய்ய இனிமே நான்தான காப்பாத்தணும்? எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது."

அழுதிருந்தால்கூட ஒரு கேலி செய்து சமாளித்திருப்பேன். அவள் கணக்குப் போட்டு முடித்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள், கண்ணைக் கொட்டிக் கொட்டி. அந்தக் கண்கள் ஓரமெல்லாம் சிவந்திருந்தன. இரண்டு நாள் இல்லை, இருபது வருஷம் இவள் இப்படியே கொட்டிக்கொண்டிருந்தால்?

"எழுந்திரு. ஓரிக்கைக்குப் போலாம்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே ஒரு கதை தயார் பண்ணினேன். போன வாரம் காய்ச்சல் வந்தது, அதில் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது என்று. அதைச் சொல்லிப் பார்த்ததற்கு அவள், "புதுசா இன்னொண்ணு கட்டினா நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்" என்றாள்.

ஓரிக்கையில் அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளறையில் தறி ஓடுகிற சத்தம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேத்தி மூக்கில் இருந்ததைப் பார்த்ததும் கை நின்றது.

"யாருதும்மா அது?"

"என்னுதுங்க அத்தை."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ஆயா."

ஊரையே வாயால் அளப்பவள் நான். அன்றைக்கு உள்ளதை மட்டும் சொன்னேன். "எட்டாங்கிளாஸ்லேருந்து போட்டுக்கினு இருக்குதும்மா. நான்தான் அன்னிக்கு ஒளிச்சி வெச்சேன். கண்ணுல லேசர் வெச்சிடலாம்னு போனோம். கண்ணு காஞ்சிருக்குது, வெச்சா கெட்டாலும் கெடும்ன்றாங்க."

"அப்ப அன்னிக்கு என் நூல பிணைச்சது?"

"அது நெசம்மா. கிட்டத்துல நல்லாத் தெரியும்."

"அது ஒண்ணுதான் நெசமா?"

அந்த அம்மா திரும்பப் புளியைக் கையில் எடுத்தாள். கொட்டை ஒவ்வொன்றும் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அப்போதுதான் தறிச் சத்தம் நின்றுபோயிருப்பது தெரிந்தது. நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழியில் நின்றபடி மாப்பிள்ளைப் பையன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு உங்களுக்கு எதுவுமே தெரியலியா?" என்று பேத்தியைக் கேட்டான்.

"தெரியலீங்க. நீங்க செவப்பா கறுப்பான்னுகூட தெரியாது."

"அப்பறம் புடிச்சிருக்குதுன்னு சொன்னீங்களே?"

"ஆயா தொடைய கிள்ளுச்சி. சொன்னேன்."

அவன் அம்மா தலை நிமிரவில்லை. ஆனால் புளி ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

"இப்ப தெரியுதா?" என்றான் அவன்.

பேத்தி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அங்க இருட்டா இருக்குது. வெளிய வாங்க, பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

அவன் தறிக்குழியிலிருந்து ஏறினான்.