பிரிஸ்கில்லாவின் களாக்காய்க் காணிக்கை

பிரிஸ்கில்லா வீட்டுக் களாச்செடி ஒரு தடவை காய்த்தால் ராஜபாளையத்துக்கே ஊறுகாய் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தளவாய்புரத்துக்கு லாரியில் ஏற்றலாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். செடி அவள் முழங்காலைத் தாண்டி வளர்ந்ததில்லை. நல்ல வருஷத்தில் அரிசி புடைக்கிற சொளகு ஒன்று நிறையும். ஆனால் வேலைக்குப் போகும் மில் வேனில் ஏறினால் இறங்கும்வரை அவளுக்கு அதன் பெருமைதான்.

சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததன் முதற்பலனைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். மற்றவர்கள் பூசணி, சேவல், வாழைத்தார் என்று கொண்டுவருவார்கள். வாடகை வீட்டுக்காரியான பிரிஸ்கில்லாவுக்கு, என் கையால் விளைந்தது என்று கொண்டுபோய் வைக்க அந்தக் களாக்காய் ஒன்றுதான்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் ஒரு ஆடு புகுந்து செடியை மொட்டையடித்துவிட்டது. மறுநாள் வேனில் கூட வேலை பார்க்கும் பியூலா, "என்னட்டி, இந்தத் தடவை எம்புட்டுக் காய்?" என்று கேட்டாள்.

"சொளகு கொள்ளாது."

வாய் முந்திக்கொண்டது. அதன்பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

பண்டிகையன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஓரத்து வேலி முழுக்கக் களா. கோயில் இடத்துக் காய் கோயிலுக்குத்தானே போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு பறித்தாள். முள் கையைக் கீறியது. காம்பில் வடிந்த பால் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

ஏலத்தில் அந்தச் சொளகை எடுத்தவர் மாந்தோப்புக்கார இருளப்பசாமி. வேதக்காரர் இல்லை, ஆராதனைக்கு வருகிறவரும் இல்லை என்றாலும் அவர் இந்த ஏலத்தைத் தவறவிடுவதில்லை. "பிரிஸ்கில்லா தங்கச்சி வளத்த காயி, விடுவனா?" என்றார். கூட்டம் கைதட்டியது.

"நீ சும்மா கத அளக்குதன்னுல்லா நெனச்சேன்," என்று பியூலா அவள் தோளை இடித்தாள்.

போதகர் மைக்கை நீட்டினார். "அத்தனூண்டு இடத்துல எப்படிம்மா வளத்த? ஆண்டவர் செஞ்ச நன்மைய ஒரு சாட்சியா சொல்லு."

கீறல் தெரியாமல் முந்தானையால் கையை மூடிக்கொண்டு மைக்கை வாங்கினாள். எதிரே, திறந்திருந்த கோயில் வாசல் வழியே பீடத்துச் சிலுவை தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்த பொய் அதற்குமேல் ஏறவில்லை.

"நான் வளக்கல ஐயா. எஞ் செடிய ஆடு தின்னுட்டு. கல்லறை வேலியில பறிச்சேன். ஆண்டவர் காயையே திருடி ஆண்டவருக்குப் படைச்சிட்டேன்."

ஒலிபெருக்கி அதை மூன்று தெருவுக்குக் கொண்டுபோனது. முகமெல்லாம் எரிந்தது. தலையைக் குனிந்தவளுக்குப் பியூலாவின் செருப்பு மட்டுமே தெரிந்தது. அது மெல்ல ஓரடி விலகுவதும் தெரிந்தது.

இருளப்பசாமி சொளகிலிருந்து ஒரு காயை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கல்லறைக்கு வேலி ஏது தங்கச்சி? அது எந் தோப்பு வேலி. நான் வச்ச செடி."