காலி ஃபோல்டரின் அடியில்

"எங்க நின்னுக்கிட்டு பில்டு போட்ட?"

இதைக் கேட்கும்போது எங்கள் ஆபீஸின் சீனியர் அக்கா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியிலேயே சம்மணம். பிழைச் செய்தியைக் காட்டப் போனால் கையை வீசித் தடுப்பார். "அது கத்தத்தான் செய்யும். நீ சொல்லு."

மென்பொருளையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்புவது எங்கள் பிழைப்பு. கண்டெய்னர் இமேஜ் என்போம்; அதைக் கட்டுவதுதான் பில்டு. கட்டும்போது ஒரு கோப்பு உள்ளே போகவில்லை என்றால் பாதிப் பேர் கணினியைத் திட்டுவோம், மீதிப் பேர் அக்காவைத் தேடுவோம். பெரும்பாலும் அற்பத் தவறுதான். பில்டு போடும் ஃபோல்டருக்கு வெளியே கோப்பை வைத்துவிட்டு உள்ளே தேடச் சொல்லியிருப்போம். வீட்டிலிருந்து கணவர் ஃபோன் செய்து பையனின் சாக்ஸைக் காணோம் என்றாலும் அக்காவிடம் இதே விசாரணைதான்: "அலமாரின்னா எந்த அலமாரி? நீங்க இப்ப எந்த ரூம்ல நிக்கிறீங்க?" பாவம், அந்த மனிதருக்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

போன வியாழக்கிழமை அக்காவிடம் வந்தவள் என் பக்கத்து மேசைக்காரி. பிள்ளைக்காகச் சில வருடம் வேலையை விட்டிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மானேஜர் அன்று மாலை சொல்வதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, அவள் கட்டிய பெட்டி சர்வரில் படுத்துவிட்டது. "இவங்களுக்கு டச் விட்டுப்போச்சு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் மானேஜர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபைலெல்லாம் பெட்டிக்குள்ள காப்பி ஆயிருச்சுன்னுதான்க்கா வருது. சர்வர்ல ஓட்டினா அந்த ஃபைல் இருக்கற ஃபோல்டர் காலியா இருக்கு" என்றாள்.

"உன் மெஷின்ல ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். அதுல எல்லாமே இருக்குக்கா."

அக்கா வேறு கேள்வி கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பி சர்வர் அமைப்புகளைத் திறந்தார். அறிக்கைகளைச் சேமிப்பதற்காக, சர்வரில் உள்ள ஒரு காலி ஃபோல்டரைப் பெட்டிக்குள் அவளுடைய கோப்புகள் இருக்கும் அதே இடத்தில் பொருத்தச் சொல்லி ஒரு வரி இருந்தது. நிறைந்த பாத்திரத்தின் மேல் காலிப் பாத்திரத்தை வைத்தது போல. அவளுடைய கோப்புகள் அடியில் பத்திரமாகத்தான் இருந்தன, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"உன் மேல தப்பே இல்லம்மா."

அந்த வரியை அழிக்கப் போன அக்காவின் விரல் பாதியில் நின்றது. அழித்திருந்தால் எல்லாம் ஓடியிருக்கும், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பழி மட்டும் அவள் தலையிலேயே இருந்திருக்கும்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க."

மானேஜர் வந்தார். குனிந்து படித்தார். "யாரு பாத்த வேலை இது?" என்று அதட்டலாகக் கேட்டார்.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பக்கத்திலேயே பெயர் காட்டும். அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார். அந்த வரியின் ஓரத்தில் இருந்த தன் பெயரின் மேல் அக்கா விரலை வைத்தார். மானேஜர் அதை வாய்விட்டுப் படிக்கும்வரை எடுக்கவில்லை.