பஸ் வராத நாளின் சராசரி

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் உற்பத்தி கிராஃப் போடும் வேலை கிடைத்தது. புதன்கிழமை வரையிலான சராசரியில் மூன்றாம் லைன் மணிக்கு முப்பது ஜோடிக்கு இறங்கியிருந்தது. முப்பத்தைந்துக்குக் கீழே போனால் லைனைக் கலைத்துவிடுவார்கள்.

அந்த லைனில் தைக்கும் அமுதா அக்கா என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? திங்கள், செவ்வாய் எட்டு மணி நேரம், மணிக்கு நாப்பது ஜோடி தெச்சோம். நேத்து மாதனூர் பஸ் ரிப்பேர். லேட்டா வந்து ஒரு மணி நேரந்தான் தெச்சோம், பத்து ஜோடி. மூணு நாளும் உனக்கு ஒண்ணா?"

நாற்பது, நாற்பது, பத்தைக் கூட்டி மூன்றால் வகுத்திருந்தேன். மொத்த ஜோடியை மொத்த மணியால் வகுத்ததும் முப்பத்தெட்டு வந்தது. மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். லைனைக் கலைக்கவில்லை; லைனே கைதட்டியது.

"இன்னைக்கு டீ உன் செலவு!" என்றார் அக்கா.

இப்போதும் கிராஃபில் கோடு இறங்கினால், பஸ் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன்.