அண்ணைக்குப் பிடித்த ரொக் அண்ட் ரோல்

அண்ணைக்கு ரொக் அண்ட் ரோல் என்றால் உயிர். யாழ்ப்பாணத்தில் ரேடியோவோடு சேர்ந்து பாடியவர், கனடாவில் மல்வேர்னுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஆனால் அது தோல் ஜாக்கெட் போட்ட வெள்ளைக்காரப் பையன்கள் கண்டுபிடித்த இசை என்று இன்றுவரை சாதிப்பார்.

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. கலியாணம் கட்டி ஒஷாவாவுக்குப் போன பிறகுதான் அது கலைந்தது. என் கணவர் கறுப்பினத்தவர், பாஸ் கிட்டார் வாசிப்பவர். அவருடைய தாயாரின் தேவாலயத்தில் ஒரு ஞாயிறு காலை கொஸ்பல் என்ற பக்திப் பாட்டுகள் பாடினார்கள். பியானோ துள்ளியது, சனம் எழுந்து கைதட்டியது. அண்ணையின் பாட்டுகளில் இருந்த துள்ளல் அத்தனையும் அங்கே இருந்தது. பிறகு ரொக் அண்ட் ரோலுக்கு முன்னமே கறுப்பினத்தவர் உருவாக்கிய புளூஸ், பூகி வூகி, ரிதம் அண்ட் புளூஸ் என்று தேடித் தேடிக் கேட்டேன். வெள்ளையரின் கன்ட்ரி பாட்டும் ரொக் அண்ட் ரோலில் கலந்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சமைத்தவர்களை முற்றத்தில் நிறுத்திவிட்டு, பரிமாறியவர்கள் பேர் வாங்கிக்கொண்டார்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணையின் திருமண வெள்ளிவிழாவுக்கு மண்டபம் எடுத்திருந்தார்கள். அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நீ வந்து ரெண்டு ரொக் அண்ட் ரோல் பாட வேணும். அவரைக் கூட்டிக்கொண்டு வராதை. சனம் கதைக்கும்."

"அவரின்ரை ஆக்களின்ரை பாட்டு வேணும், அவர் வேண்டாமோ?"

"உந்த விண்ணாணக் கதையை விடு" என்று போனை வைத்துவிட்டார்.

தான் காரிலேயே இருப்பதாகக் கணவர் சொன்னார். அவருக்கு இதெல்லாம் பழகிப்போனது. எனக்குப் பழக விருப்பமில்லை. கிட்டாரைத் தூக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டப வாசலில் அண்ணை பன்னீர்ச் செம்போடு நின்றார். எனக்குத் தெளித்தார். பக்கத்தில் நின்றவரைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"நீ உள்ளுக்கை போ. பிறகு கதைப்பம்."

"அவருக்கும் தெளியுங்கோ அண்ணை."

அண்ணை அசையவில்லை. செம்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். கணவரின் தலையில் தாராளமாகத் தெளித்தேன். தட்டில் இருந்த சந்தனத்தைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செம்பை அண்ணையிடம் நீட்டினேன்.

"பின்னாலை ஆக்கள் நிக்கினம், தெளியுங்கோ. நாங்கள் மேடைக்குப் போறம்."