நன்றி நாளுக்காக நான் சொன்ன பொய்

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் நான் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் இருந்தவர் ரூத். ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்து லண்டன் வந்த அமெரிக்கப் பெண். கணவர் அந்த வருடம்தான் இறந்திருந்தார்.

நவம்பரில் ஒருநாள் வேலியருகே என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை எங்கள் நன்றி நாள், தாங்க்ஸ்கிவிங். சாப்பிட வருவீர்களா? எங்கள் படம், பாட்டு எல்லாம் இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. இந்த நாள் மட்டும் வரவில்லை. என் கணவர் ஒருவர்தான் எனக்காக லீவு போடுவார்."

அன்றைக்கு வான்கோழி சமைப்பார்கள். நானோ கார்த்திகையில் மச்சம் மாமிசம் தொடாதவன். அதைச் சொல்லியிருக்கலாம். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு, "எனக்கு ஷிப்ட்" என்றேன்.

"முடிந்த பிறகாவது வாருங்கள்" என்றார்.

வியாழனன்று நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. பொய் பிடிபடக்கூடாதென்று விளக்குப் போடாமல் சமைக்கிற குசினியில் உட்கார்ந்து வெறும் பாண் ரொட்டி தின்றேன். ஜன்னல் வழியே ரூத்தின் மேசை தெரிந்தது. இரண்டு தட்டுகள். ஒன்றின் முன்னால் அவர், சாப்பிடாமல்.

மறுநாள் தமிழ்க் கடையில் கடைக்காரர் கேட்டார்: "அண்ணை, விருந்து எப்பிடி? உங்களைக் கூப்பிட முன்னமே அந்த அம்மா இங்கை வந்து, நீங்கள் என்ன சாப்பிடுவியள் எண்டு கேட்டவ. இப்ப மரக்கறிதான் எண்டு சொன்னனான். அப்ப வான்கோழி வேண்டாம் எண்டு பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போனவ."

ரூத்தின் கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நன்றி நாளுக்கு முன்பே அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த வியாழக்கிழமை நான் லீவு போடுகிறேன். மத்தியானமே குசினி விளக்கைப் போட்டுவிடுகிறேன்.