சுவிட்சில் வைத்த விரல்

சாரம் பகுதியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் என் அக்கா, மறுநாள் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு மூன்றடுக்கு கேக் கொடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. வலது மணிக்கட்டு சுளுக்கி வீங்கியிருந்ததால், உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த கேக் மிக்சரைத்தான் நம்பியிருந்தாள்.

பெட்டி முழுக்கப் பிரெஞ்சு எழுத்துகள். பிரான்சிலிருந்து வரும் சாமானுக்குப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நானும் மாற்றிவிட்டுச் சுவிட்சில் விரல் வைத்தேன்.

"ணா, கைய எடுங்க" என்றார், மின்விசிறியைச் சரிசெய்ய வந்திருந்த எலக்ட்ரீஷியன். மிக்சரைக் கவிழ்த்து அடியிலிருந்த தகட்டைக் காட்டினார். நூற்றிருபது வோல்ட், முந்நூறு வாட். "இது கனடா சாமான், அங்கயும் பிரெஞ்சு உண்டு. நம்ம எரநூத்தி முப்பதுல போட்டா மோட்டாரு கருகிடும்."

"பேப்பர்ல எழுதறவன், ஊருக்கே தப்பு கண்டுபிடிப்பான். இத படிக்கல பாரு" என்றாள் அக்கா.

அவர் சொன்னபடி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும், ஐந்நூறு வாட் தாங்கும் ஸ்டெப் டவுன் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். அவரே மாட்டிக் கொடுத்தார். மிக்சர் சீராகச் சுழன்றது. வெள்ளைக்கரு நுரைத்துக் கிண்ணத்தின் விளிம்புவரை எழும்பியது. அக்கா வலியை மறந்து சிரித்தாள்.

மறுநாள் மண்டபத்தில் மூன்றடுக்கும் சாயாமல் நின்றன. வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அந்தக் கையோடு எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள்.

"எந்தம்பிதான் மிஷின மாட்டிக் குடுத்தான்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

நான் மறுக்கவில்லை. அவள் சொன்னதை இன்று இங்கே எழுதி மறுக்கிறேன்.